டோக்கெலாவும் காட்டுப்பள்ளியும்

பசிபிக் பெருங்கடலில், சமோவாவுக்கு வடக்கே, டோக்கெலாவ் என்றொரு சிறு நிலப்பகுதி உண்டு. அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ என்னும் மூன்று பவளத் தீவுகள். மூன்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு பன்னிரண்டு சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்து நிற்கும் நிலம். மக்கள்தொகை சுமார் 1,500. விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஏப்பியா துறைமுகத்திலிருந்து கப்பலேறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். 1926 முதல் நியூசிலாந்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. 1949 முதல் சட்டப்படி அந்நாட்டின் ஒரு பகுதி.

இத்தகைய தகவல்களைத் தமிழில் படிக்க நமக்குப் பிடிக்கும். தொலைதூரத் தீவு, தென்னை மரங்கள், பவளப்பாறைகள், பாலினேசிய மொழி, படகோட்டும் மரபு என்று பயணக் கட்டுரையாளர்களும் பொது அறிவு நூல்களும் இவற்றைச் சலிக்காமல் தந்துகொண்டிருக்கின்றனர். அதில் நமக்கு எதிர்ப்பு ஏதுமில்லை. நமது வழக்கு வேறு. மணலியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் காட்டுப்பள்ளி. அதன் நிலவியல், அதன் மக்கள், அதன் ஆட்சி ஆகிய மூன்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் சென்னையின் எழுத்துலகில் எத்தனை பேரால் இயலும்? டோக்கெலாவைப் பற்றி அறிந்தவர் காட்டுப்பள்ளியை அறியாதிருப்பது வெறும் தற்செயல் என்று நாம் கருதவில்லை. அறியாமை சிலருக்குப் பயன் தருவது. வரைபடத்தில் இல்லாத நிலத்தை எடுத்துக்கொள்வது எளிது.

ஆகவே நிலவியலிலிருந்தே தொடங்குவோம்.

கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் வாய். இந்நான்கு எல்லைகளுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலமே காட்டுப்பள்ளித் தீவு. கடலலையும் ஆற்று வண்டலும் சேர்ந்து கட்டிய தடுப்புத் தீவு. "இது தீவே அன்று, மணல்திட்டு" என்று சொல்லும் பொறியாளர்கள் உண்டு. பவளத்தால் ஆனால் தீவு, மணலால் ஆனால் திட்டு என்று எந்தப் புவியியல் நூலும் சொல்லவில்லை. இதே கரையில், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவைத் தீவு என்று அழைக்க எவரும் தயங்குவதில்லை. ராக்கெட் ஏவினால் தீவு, இறால் பிடித்தால் திட்டு போலும். ஸ்ரீஹரிகோட்டாவிலும் விண்வெளி மையத்துக்கு முன்பு யானாதி மக்கள் வாழ்ந்தனர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மணல் நிலம் செய்யும் வேலை என்ன? கடல் சீறும்போது அதன் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. மழை வெள்ளம் வரும்போது அதன் பின்னே விரிந்த கழிவெளி நீரைத் தாங்கி நின்று மெல்லக் கடலுக்கு விடுகிறது. மணலி, எண்ணூர், மீஞ்சூர், அத்திப்பட்டு ஆகிய ஊர்கள் தாழ்நிலத்தில் இருக்கின்றன. அவற்றின் வெள்ளமெல்லாம் போய்ச் சேரும் வாய் அது. இன்னொன்றும் உண்டு. 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீர் ஆலை காட்டுப்பள்ளியில்தான் நிற்கிறது. மீஞ்சூர் ஆலை என்பது அதன் வழக்குப் பெயர். வடசென்னையின் குழாய்களில் வரும் நீரில் அத்தீவின் பங்கு உண்டு. ஆக, நம்மைப் பொறுத்தவரை காட்டுப்பள்ளி தொலைவில் உள்ளதன்று. வீட்டுக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து, மக்கள்.

கடல்தொழில் செய்யும் குப்பங்கள், ஆற்றுத்தொழில் செய்யும் குப்பங்கள், சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியிருப்புகள் என மூவகை வாழ்க்கை இக்கழிவெளியைச் சுற்றி இருந்துவருகிறது. மடவையும் நண்டும் இறாலும் இவர்களது சந்தைப் பொருள்கள். பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் மீனவர்கள் 'பாடு' என்றொரு முறையைக் கைக்கொண்டு வந்திருக்கின்றனர். நீரோட்டம் நல்ல இடத்தை வலியவன் வளைத்துக்கொள்ளக் கூடாது. இன்று ஒருவனுக்கு வாய்த்த இடம் நாளை இன்னொருவனுக்கு. முறை வைத்து, சில ஊர்களில் சீட்டுப் போட்டு, இடத்தைப் பகிர்ந்துகொள்வது. நீர்ப்பரப்பைத் தனிச்சொத்தாக்காமலே அதை ஒழுங்கு செய்யும் ஆட்சிமுறை இது. ஏட்டில் எழுதப்படாத சட்டம், ஆனாலும் சட்டம்.

டோக்கெலாவில் இதற்கு இணையான மரபொன்று உண்டு. 'இனாத்தி' என்று பெயர். பொதுவில் பிடித்த மீனை ஊர்ப் பொதுவிடத்தில் குவித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. கடலுக்குப் போக இயலாத முதியவருக்கும் பங்குண்டு. மானுடவியலாளர்கள் இதைப் பற்றி வியந்து எழுதியிருக்கின்றனர், நாமும் வியக்கலாம். ஆனால் இனாத்தியைக் கண்டு வியப்பவர், பாடு முறையைக் கேட்டால் "மீனவர் தகராறு" என்று பக்கத்தைப் புரட்டுவது ஏன்?

பாடு முறையைப் பொற்கால மரபாகக் கொண்டாடுவது நமது நோக்கமன்று. அது சாதி எல்லைக்குள் நின்ற முறை. இருளர்க்கு அதில் இடமில்லை. மீனை விற்றுக் குடும்பம் காக்கும் பெண்கள் பஞ்சாயத்தில் அமர்வதில்லை. இவையெல்லாம் மறைக்கத் தக்கவை அல்ல. எனினும், குறையுள்ள ஆட்சியைத் திருத்துவது ஒன்று. "அங்கே ஆட்சியே இல்லை, வெற்றுநிலம்தான் இருக்கிறது" என்று அறிவிப்பது முற்றிலும் வேறு. காட்டுப்பள்ளிக்கு நேர்ந்தது இரண்டாவது.

இனி, ஆட்சி. நமது வழக்கின் மையம் இதுவே.

டோக்கெலாவில் ஒவ்வொரு தீவுக்கும் மூத்தோர் அவை ஒன்றுண்டு. ஊர்க் காரியம் அதன் கையில். மூன்று தீவுகளின் பிரதிநிதிகள் கூடும் பொது மன்றம் 'ஃபோனோ'. தலைமைப் பொறுப்பு மூன்று தீவுகளுக்கிடையே முறை வைத்துச் சுற்றும். 2006 பிப்ரவரியில், ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர் முன்னிலையில், இம்மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: நியூசிலாந்துடன் இணக்கம் கொண்ட தன்னாட்சி உங்களுக்கு வேண்டுமா? மாற்றம் நிகழ மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை என்பது முன்கூட்டியே வகுத்த விதி. 581 பேர் வாக்களித்தனர். 349 பேர் வேண்டும் என்றனர். 232 பேர் வேண்டாம் என்றனர். அறுபது விழுக்காடு ஆதரவு போதவில்லை, மாற்றம் நின்றது. 2007 அக்டோபரில் மீண்டும் கேட்டனர். 692 வாக்குகளில் 446 ஆதரவு. பதினாறு வாக்குகள் குறைந்தன. அப்போதும் மாற்றம் நின்றது. நியூசிலாந்து அரசு அம்முடிவை ஏற்றுக்கொண்டது.

இந்த எண்களைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். 232 பேர். எண்ணூரில் ஒரு குப்பத்துக் கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைவிடச் சிறிது. அந்த 232 பேரின் 'வேண்டாம்' ஓர் அரசியல் ஏற்பாட்டையே நிறுத்தியது. டோக்கெலாவ் எல்லாவற்றிலும் இன்பபுரி என்று நாம் சொல்லவில்லை. 1863இல் பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் அத்தீவு மக்களைக் கவர்ந்து சென்றன. இன்று கடல் மட்ட உயர்வு அவர்களை அச்சுறுத்துகிறது. தீவில் இருப்போரைக் காட்டிலும் நியூசிலாந்தில் குடியேறியோரே அதிகம். இருப்பினும், 'வேண்டாம்' என்று சொன்னால் அது எண்ணப்படும் என்ற உறுதி அவர்களுக்கு உண்டு.

இதே 2006ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த இரண்டைப் பார்ப்போம். செப்டம்பர் மாதத்தில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை வெளியிட்டது. பெருந்திட்டங்களுக்கு முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்றது. நல்லது. ஆனால் அக்கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. எதிர்ப்பும் ஆதரவும் குறிப்பேட்டில் பதிவாகும். முடிவு வேறிடத்தில் எடுக்கப்படும். கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கைகூடத் தேவையில்லை என்று அதே அறிவிக்கை சொல்கிறது. ஒருவரும் வராவிட்டாலும் மக்களிடம் கேட்டதாகவே ஆகும்.

அதே ஆண்டு டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் பலனை 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அம்மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது. ஆகவே, "இந்தியா போன்ற பெருநாட்டில் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று எவரேனும் கேட்டால், விடை எளிது: கேட்டிருக்கிறோம், விடையை மதித்தும் இருக்கிறோம், நாடு கவிழ்ந்துவிடவில்லை. மலையில் வாழ்பவனுக்குக் கிடைத்த அவ்வுரிமை கழியில் வாழ்பவனுக்குச் சட்டத்தில் இல்லை. காட்டுக்குச் சட்டம் வந்தது. கடலுக்கும் கழிக்கும் அதற்கு நிகரான சட்டம் வரவில்லை.

இந்த வெற்றிடத்தில் காட்டுப்பள்ளியில் நடந்தவற்றை வரிசைப்படுத்துவோம். தொண்ணூறுகளில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். 2014இல் அது காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. பத்தாண்டுகள் கழித்து அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தம் கடற்கரையை விட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய அத்துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. ஒரு தீவின் துறைமுகம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போவதைப் பற்றி அத்தீவில் எவரிடமும் கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

பிறகு வந்தது விரிவாக்கத் திட்டம். சுமார் 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கராக்குவது. ஆண்டுக்குச் சுமார் 24 மில்லியன் டன் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக்குவது. அதற்காகக் கடலில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஏக்கரைத் தூர்ப்பது. செலவு 53,000 கோடி ரூபாய். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று குறிக்கப்பட்டது. மீனவர் எதிர்ப்பும் பெருந்தொற்றும் சேர அது நடக்கவில்லை. அவ்வாண்டு தேர்தல் களத்தில் தி.மு.க. இத்திட்டத்தை அனுமதிக்கமாட்டோம் என்று வாக்குறுதி தந்தது. பின்னர் 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் நாள் குறிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தலைச் சிலர் வெற்றியென்று கொண்டாடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. டோக்கெலாவில் 'வேண்டாம்' என்பது முடிவு. காட்டுப்பள்ளியில் அது தேதி மாற்றம் மட்டுமே.

இத்திட்டத்தை ஆதரிப்போர் சொல்லும் வாதங்களை நேர்மையாக எதிர்கொள்வதே முறை.

முதல் வாதம் வேலைவாய்ப்பு. துறைமுகம் வேலை தரும் என்பதை மறுக்கவில்லை. யாருக்கு, எந்த நிலையில் என்பதே கேள்வி. ஏற்கெனவே நிலமும் கரையும் கொடுத்த குடும்பங்கள், பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடியதை இவ்வட்டாரம் அறியும். கழியில் ஒரு மீனவன் தன் வலைக்குத் தானே முதலாளி. அவனை ஒப்பந்தக் கூலியாக்கிவிட்டு அதை வேலைவாய்ப்பு என்று கணக்கில் சேர்ப்பவர், அழிந்த தொழிலைக் கழித்தல் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

இரண்டாவது, "எண்ணூர் ஏற்கெனவே கெட்டுவிட்டது; இனிக் காப்பதற்கு என்ன இருக்கிறது?" என்னும் வாதம். இது மிகக் கொடியது. ஏனெனில் குற்றத்தையே அடுத்த குற்றத்துக்கு உரிமமாக்குகிறது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியில் பரவியது. படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் கருமை அப்பியது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. அம்மாத இறுதியிலேயே பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினர். இவையனைத்துக்கும் பின்னும் அக்கழியில் இறால் வருகிறது. இருளப் பெண்கள் சேற்றில் கை விடுகின்றனர். செத்துவிட்டது என்று சான்றிதழ் எழுதுவோர் அங்கே உணவு தேடுவோரிடம் ஒரு சொல் கேட்க வேண்டாமா?

மூன்றாவது, "நாட்டுக்குத் துறைமுகம் வேண்டும்" என்பது. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று இச்சிறு கரைத்துண்டில் ஏற்கெனவே மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. நான்கு மதில்களுக்குள் இன்னும் எத்தனை கதவு வைப்பது? சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்குவோர் அனுபவிக்கும் மணல் எங்கள் கரைக்கு வர வேண்டியது. இதை அறிந்த பின்னும், அதே மணலோட்டத்தின் குறுக்கே இன்னும் பெரிய தடுப்பை அமைத்தால் வடக்கே பழவேற்காடு வரை என்னாகும் என்று மீனவர் அஞ்சுவது மூடநம்பிக்கையன்று. நூறாண்டுப் பாடத்தைப் படித்தவரின் அச்சம்.

இலக்கிய ஆர்வலர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கும் விடை உண்டு. நிலம் முதலில் சொல்லில்தான் பறிபோகிறது. 'புறம்போக்கு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வரி விதிப்புக்கு வெளியே, ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலம் என்பது அதன் பொருள். இன்று அது வசைச்சொல். பொதுநிலத்தின் பெயரே வசையாகிவிட்ட மொழியில் பொதுநிலத்தைக் காப்பது எங்ஙனம்? 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியில் நின்று பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' அச்சொல்லை மீட்கும் முயற்சி. அதன் வரிகளை எழுதியவர் கபேர் வாசுகி. வரைபடமும் ஒரு மொழிதான். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் எண்ணூர்க் கழி கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. பின்னர் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் கழியின் பெரும்பகுதி காணாமற்போனதை மீனவரும் செயற்பாட்டாளரும் தகவலுரிமைச் சட்டத்தின் வழியே வெளிக்கொணர்ந்தனர். ஆற்றைத் தூர்க்க லாரி வேண்டும். வரைபடத்தில் தூர்க்க அழிப்பான் போதும். ஐந்திணை வகுத்தவர் நாம் என்று மேடைதோறும் பெருமை பேசுவோர், நெய்தல் ஒன்று ஏட்டிலிருந்து அழிக்கப்படும்போது வாய் திறவாதிருப்பது எவ்வகைத் தமிழ்ப்பற்று?

நாம் கேட்பவை மூன்று. 1996ஆம் ஆண்டு வரைபடத்தின் எல்லைகளே எண்ணூர்க் கழியின் எல்லைகள் என அரசு ஐயத்துக்கிடமின்றி அறிவிக்க வேண்டும். விரிவாக்கத் திட்டம் தள்ளிவைக்கப்படுவதன்றி, எழுத்துமூலமாகக் கைவிடப்பட வேண்டும். இனி இத்தீவிலும் கழியிலும் எத்திட்டம் வந்தாலும் கிராம சபையின் ஒப்புதலைச் சட்டத் தேவையாக்க வேண்டும். அச்சபையில் மீனவப் பெண்களின் வாக்கும் இருளர் வாக்கும் எண்ணப்பட வேண்டும்.

மூன்றாவது கோரிக்கைக்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபைகள் கூடுகின்றன. மணலி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அச்சபைகளில் அமரும் உரிமை நமக்கில்லை. ஆனால் மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் வாழும் வாசகர் பலர் நமக்கு உண்டு. அடுத்த கிராம சபையில் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றிய தீர்மானத்தை முன்மொழியுங்கள். ஆதரவோ எதிர்ப்போ, தலை எண்ணிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டோக்கெலாவின் 232 பேரும் அவ்வளவுதான் செய்தனர்.